மேனுகா அக்கா போட்ட நாற்பத்தாறு சரி

கொக்கட்டிச்சோலைச் சந்தியில் இரும்புக் கடை வைத்திருப்பவர், மேனுகா அக்கா வருவதைக் கண்டால் கதிரையை விட்டு எழும்பி உள்ளே போய்விடுவார். காரணம் ஒரு படலைக் கொழுக்கி. அதை வாங்கப் போன அக்கா, கடை வாசலிலேயே நின்று ஐம்பது தரம் பூட்டித் திறந்து பார்த்தார்.

"நாப்பத்திமூண்டாவது தரம் இறுகுது அண்ணன்."

"தங்கச்சி, ஒரு நாளைக்கு எத்தின தரம் படலை திறப்பீங்க?"

"ஆறு தரம். எட்டாம் நாள் காலமை நான் றோட்டில நிப்பன்."

கடைக்காரர் வேறொரு கொழுக்கி எடுத்துக் கொடுத்தார். அதையும் ஐம்பது தரம்.

நான் கூட்டிச் சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம். எங்கள் வேலிக்கு அந்தப் பக்கம்தான் அக்காவின் வீடு. போன ஆவணியில் அவருடைய தங்கச்சியின் கலியாணம் நிற்கப் பார்த்த கதையை ஊரில் ஆளுக்கொரு விதமாகச் சொல்கிறார்கள். உயர்தரப் பரீட்சை முடிவு வரும்வரை எனக்கும் வேறு வேலையில்லை. ஆகவே நடந்ததை நடந்தபடி எழுதி வைக்கிறேன்.

மேனுகா அக்காவுக்கு வயது முப்பத்தொன்று. கொழும்பில் உள்ள ஒரு சின்னக் கம்பனிக்கு வீட்டிலிருந்தே வேலை செய்கிறார். போனில் போடும் செயலிகளை வெளியே விடுவதற்கு முன் சோதித்துப் பார்ப்பதுதான் வேலை. அந்த வேலைக்கு விண்ணப்பித்தபோது, பிறந்த திகதி கேட்ட இடத்தில் வேண்டுமென்றே அடுத்த வருடத்தைப் போட்டிருக்கிறார். படிவம் ஏற்றுக்கொண்டுவிட்டது. நேர்முகப் பரீட்சையில், "உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்" என்று கேட்டார்கள். "நான் இன்னும் பிறக்கல்ல சேர். உங்கட படிவத்தில அப்பிடித்தான் கிடக்கு" என்றாராம். அன்றே வேலை கிடைத்தது.

அதே குணம் மாப்பிள்ளை பெண் பார்க்க வந்தபோது உதவவில்லை. செங்கலடியிலிருந்து ஒருவர் வந்திருந்தார். எத்தனை மணிக்கு எழும்புவீர்கள் என்று அக்கா கேட்டார். தேநீர் குடித்து முடித்த பிறகு, உங்கள் வீட்டில் காலையில் கோழிக்கூடு திறப்பது யார் என்று கேட்டார். படலையடியில் வைத்து, ஆறரை மணி பஸ்ஸில் எப்போதாவது போயிருக்கிறீர்களா என்று கேட்டார். அவர் அதற்குப் பிறகு வரவேயில்லை.

"ஏன் புள்ள அந்தப் பொடியன வெருட்டின?" என்று தாய் ஆச்சிப்பிள்ளை கேட்டார்.

"வெருட்டல்ல அம்மா. ஒரே கேள்விய மூண்டு விதமாக் கேட்டன். மூண்டு பதில் வந்தது."

அவருடைய அறையில் மேசையின் மேல் ஏழு பழைய போன்கள் இருக்கின்றன. ஊராரிடம் கேட்டு வாங்கியவை. ஒன்றின் கண்ணாடி சிலந்தி வலை மாதிரி வெடித்திருக்கும். இன்னொன்று எத்தனை தரம் திருத்தினாலும் வருடம் 2019 என்றே காட்டும். ஒன்று நெல் வியாபாரி ஒருவருடையது. அதை எந்தப் பக்கம் திருப்பினாலும் உமி கொட்டும். ஏழையும் ஏழு இடியப்பத் தட்டில் சாய்த்து நிறுத்தி, ஏழிலிருந்தும் வயர் இழுத்துக் கணினியில் கொழுவியிருப்பார்.

"ஏழு புள்ளைக்குச் சோறு தீத்துற மாதிரி, விடியக்காலமை எழும்பி ஏழுக்கும் கரண்டு குடுக்கிறாள்" என்பார் ஆச்சிப்பிள்ளை. இடியப்பம் அவிக்கும் நாளில் அவர் தட்டுக் கேட்டால் அக்கா கொடுக்க மாட்டார். அந்த வீட்டில் அதிகம் பிட்டுத்தான்.

அக்காவின் வேலையை நான் விளங்கிக்கொண்ட அளவில் சொல்கிறேன். ஒரு செயலியில் இன்னதைத் திற, இன்னதை அமத்து, இந்தப் பெயரை எழுது, கடைசியில் இன்னது வர வேண்டும் என்று படிப்படியாகக் கணினிக்கு எழுதிக் கொடுத்துவிடுவார். கணினி அந்தப் படிகளை ஏழு போனிலும் ஒரே நேரத்தில் செய்யும். யாரும் தொடாமலே எழுத்து விழும், பக்கம் புரளும். வர வேண்டியது வந்தால் பச்சைக் கோடு. வராவிட்டால் சிவப்புக் கோடு. போனுக்குப் போன் குணம் வேறு என்பதால்தான் ஏழு. அன்ட்ரொயிட் போன்கள் ஒரு சாதி. ஐபோன் முற்றிலும் வேறு சாதி. அதற்குச் செயலியையே தனியாக, வேறு ஆள் வைத்து எழுதுகிறார்கள். ஒன்றில் சரியாக வேலை செய்வது மற்றதில் செய்யும் என்று எந்த உத்தரவாதமும் இல்லை. இது அக்கா எனக்குச் சொன்னது. அதை அவரே ஒருநாள் மறந்தார் என்பதுதான் கதை.

எங்கள் ஊர்ப் பிள்ளையார் கோயிலில் ஏழு குடிகளுக்கு ஏழு நாள் திருவிழா. குடி எங்களுக்குத் தாய்வழியாக வருவது. அம்மா எந்தக் குடியோ பிள்ளைகளும் அந்தக் குடி. கலியாணம் முடித்தாலும் பெண்ணின் குடி மாறாது. ஒரே குடியில் பிறந்த ஆணும் பெண்ணும் அண்ணன் தங்கச்சி முறை. அவர்களுக்குள் கலியாணம் என்ற பேச்சுக்கே இடமில்லை. வெளியூர் வாசகர்களுக்காக இதை எழுதுகிறேன். எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் எழுத்துப் படிக்க முதலே இதைத் தெரிந்துவைத்திருப்பார்கள்.

எந்த வீடு எந்தக் குடி என்று எழுதிய கோயில் கொப்பியைக் கறையான் தின்றுவிட்டது. இனிமேல் ஒரு செயலியில் பதிவோம் என்று சுவிஸிலும் கனடாவிலும் இருக்கும் ஊரவர்கள் சொன்னார்கள். வேலை மேனுகா அக்காவின் கம்பனிக்கு வந்தது. கோயில் பொறுப்பாளரை எங்கள் பக்கத்தில் வண்ணக்கர் என்போம். பெரிய வண்ணக்கர் வினாயகமூர்த்திக்குச் செயலியில் நம்பிக்கை வரவில்லை.

"இது பிழை விட்டா நான் ஆரப் பிடிக்கிற?"

"என்னப் பிடியுங்க மாமா."

"அப்ப எல்லாம் பாத்திட்டன், சரி எண்டு எழுதி ஒப்பம் வைச்சுத் தா."

அக்கா நாற்பத்தாறு சோதனைகள் எழுதினார். முப்பத்தோராவது இப்படி இருந்தது: "கலியாணம் பதிந்த பிறகும் பெண்ணின் குடி மாறக்கூடாது." அறிக்கையில் ஒவ்வொரு சோதனைக்கும் எதிரே சரி அடையாளம் போட இரண்டு கூடு. இடது பக்கம் அன்ட்ரொயிட், வலது பக்கம் ஐபோன். ஏழு போனிலும் நாற்பத்தாறும் பச்சையாக வந்தன. இடது பக்கம் முழுக்கச் சரி அடையாளம் போட்டார்.

ஐபோன் அவரிடம் இல்லை. கம்பனியில் இருந்த ஒரேயொரு ஐபோனும் திருத்தப் போயிருந்தது. அன்றைக்குப் பார்த்து அவருடைய தங்கச்சி விதுர்ஷாவுக்கும் ரதீஸுக்கும் கலியாண எழுத்து, அதாவது சட்டப் பதிவு; தாலி கட்டு பிறகுதான். பதிவுகாரர் பத்து மணிக்கு வருவதாகச் சொல்லி ஒன்பதுக்கே வந்துவிட்டார். "மேனுகா, சாட்சிக் கையெழுத்து வைக்க வா!" என்று தாய் கூப்பிட்டார். அக்கா இடது பக்கத்து நிரலைப் பிடித்து அப்படியே வலது பக்கத்துக்கு இழுத்துவிட்டார். ஒரு நொடியில் நாற்பத்தாறு சரி. அனுப்பிவிட்டுச் சேலையைச் சரிசெய்துகொண்டு வெளியே ஓடினார்.

வண்ணக்கர் அந்த அறிக்கைக்குப் பிளாஸ்டிக் உறை போட்டு, கோயில் கந்தோர்ச் சுவரில், அதாவது அலுவலகச் சுவரில், மாட்டினார். "மேனுகா சரி எண்டா சரிதான்" என்று வருகிறவர் போகிறவருக்கெல்லாம் காட்டினார்.

அடுத்த ஒரு மாதம் ஊரிலுள்ள குடும்பங்களைப் பதிந்தார்கள். எழுத்து முடிந்திருந்ததால் விதுர்ஷாவும் ரதீஸும் கணவன் மனைவியாகவே பதிவானார்கள். எல்லாரும் அன்ட்ரொயிட். ஒரு முணுமுணுப்பும் இல்லை. ஆவணி பிறந்ததும் வெளிநாட்டவர்களுக்கும் செயலியைத் திறந்துவிட்டார்கள். அந்தக் கிழமைதான் மாப்பிள்ளையின் பெரியம்மா அஜந்தா, கலியாணத்துக்காகச் சுவிஸிலிருந்து வந்து இறங்கினார். கையில் புது ஐபோன்.

புதன்கிழமை தாலி கட்டு. அதற்கு முந்திய வெள்ளிக்கிழமை, பெண் வீட்டில் பலகாரம் சுட்டுக்கொண்டிருந்தார்கள். மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வந்து இருப்பதுதான் எங்கள் வழக்கம் என்பதால் ரதீஸின் சயிக்கிளும் ஒரு பெட்டி உடுப்பும் முன்கூட்டியே வந்துவிட்டன. அஜந்தா மாமி கதிரையில் இருந்து சொக்கலேற் பங்கிட்டபடி, செயலியில் மணமக்களின் பக்கத்தைப் போனில் திறந்தார்.

"இதென்னகா இது?" என்றார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தார். "ரதீஸ் மாலையர் குடி. அது சரி, எங்கட குடி. விதுர்ஷாவும் மாலையர் குடியா?"

"இல்ல மச்சாள், நாங்க நீலப்போடி குடி" என்றார் ஆச்சிப்பிள்ளை, எண்ணெய்ச் சட்டியை விட்டு எழும்பாமலே.

"இஞ்ச மாலையர் எண்டெல்லோ கிடக்கு. அண்ணனுக்கும் தங்கச்சிக்குமா தாலி கட்டப் போறம்?"

மேனுகா அக்கா உள்ளே ஓடி ஒரு போனை எடுத்து வந்தார். நீலப்போடி குடி. இன்னொன்றை எடுத்து வந்தார். நீலப்போடி குடி. இடியப்பத் தட்டோடு ஏழையும் கொண்டுவந்து அஜந்தா மாமிக்கு முன்னால் அடுக்கினார். ஏழும் நீலப்போடி குடி.

அஜந்தா மாமி ஏழையும் மேலும் கீழும் பார்த்தார். "உன்ட ஏழையும் சேத்து வித்தாலும் என்ட போன்ட கவர் வாங்கேலாது புள்ள. விலை கூடின போன் பொய் சொல்லுமா?"

"மாமி, விலைக்கும்..."

"அதோட, உன்ட கடிதாசி கோயில் சுவரில தொங்குது. ஐபோனும் சரி எண்டு நீதான் ஒப்பம் வைச்சிருக்கிற."

அக்கா ஏழு போனையும் தட்டோடு திரும்ப அள்ளிக்கொண்டு உள்ளே போனார். பின்னேரம் ரதீஸின் வீட்டிலிருந்து ஒருவர் வந்து சயிக்கிளைத் தள்ளிக்கொண்டு போனார். உடுப்புப் பெட்டியைப் பிறகு எடுக்கிறோம் என்றார். ஞாயிற்றுக்கிழமை கோயில் மடத்தில் கூடிப் பேசுவதென்று வண்ணக்கர் ஆள் விட்டார்.

விதுர்ஷா அக்கா அழவில்லை. கதவு நிலையில் சாய்ந்து நின்று ஒன்றே ஒன்று கேட்டார். "அக்கா, நீ பாத்துத்தானே சரி போட்ட?"

"பொறு, பாக்கிறன்" என்றார் மேனுகா அக்கா. அது பதில் இல்லை என்று இருவருக்கும் தெரியும்.

அன்றே அவர் கம்பனியில் வேலை செய்யும் றிப்ஷானுக்கு அழைத்தார். றிப்ஷான் காத்தான்குடிக்காரர். செயலியின் அன்ட்ரொயிட் பக்கம் அவர் எழுதியது. அந்தப் பேச்சை அக்காவே பிறகு எனக்குச் சொன்னார்.

"றிப்ஷான், ஐபோன் பக்கம் முப்பத்தொண்டு என்னாகும் எண்டு ஒருக்காப் பாருங்க."

"அதுக்கு நீங்க சரி போட்டீங்கதானே அக்கா?"

"பாத்திட்டுச் சொல்லுங்க."

கொஞ்ச நேரம் விசைப்பலகைச் சத்தம். பிறகு, "அல்லாஹ்வே" என்றார் றிப்ஷான். "கலியாணம் பதிஞ்சிருந்தா பொண்டாட்டிக்குப் புருசன்ட குடியக் காட்டுது அக்கா."

"ஆர் எழுதின?"

"கொழும்புப் பொடியன். அவன் கண்டதெல்லாம் வாப்பா வழிதானே. எங்கட ஊரிலயும் குடி உம்மா வழி. நான் என்ட உம்மாவ நினைச்சு எழுதின. அவன் அவன்ட வாப்பாவ நினைச்சு எழுதியிருக்கான்."

"எப்ப திருத்தலாம்?"

"பத்து நிமிசம். ஆனா ஐபோன் கடைக்கு ஏத்தினா அவங்க பாத்து விட நாலஞ்சு நாள் போகும்."

கலியாணத்துக்கு ஐந்து நாள்தான் இருந்தது. மடத்துக் கூட்டத்துக்கு இரண்டு நாள்.

"அக்கா, ஒரு வேல செய்யுங்க" என்றார் றிப்ஷான். "சேர்வர் பழுது எண்டு சொல்லிருங்க. ஆருக்கு விளங்கப் போகுது?"

ஞாயிறு வரை அக்கா அந்த வசனத்தை மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே இருந்தாராம். சேர்வர் பழுது. இரண்டே சொல். சொன்னால் தங்கச்சியின் கலியாணமும் தப்பும், தன் பெயரும் தப்பும். ஆனால் யாராவது ஒருவர், அது எப்படி ஏழு போனுக்குப் பழுதாகாமல் ஒரு போனுக்கு மட்டும் பழுதானது என்று கேட்டால்? "ஒருத்தரும் கேக்க மாட்டாங்கதான். ஆனா அது நான் கேக்கிற கேள்வி" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை காலை, மடம் நிறைந்துவிட்டது. நானும் ஒரு தூணோடு நின்றேன். ஒரு பக்கம் பெண் வீட்டார், மறுபக்கம் மாப்பிள்ளை வீட்டார். ரதீஸ் அண்ணன் நடுவில் எங்கே இருப்பதென்று தெரியாமல் செருப்புகளுக்குப் பக்கத்தில் நின்றார். வண்ணக்கர் வினாயகமூர்த்தி அறிக்கையைச் சுவரிலிருந்து கழற்றி வந்து மடியில் வைத்திருந்தார்.

"முப்பத்தொண்டு" என்று வாசித்தார். "கலியாணம் பதிந்த பிறகும் பெண்ணின் குடி மாறக்கூடாது. ஐபோன், சரி. மேனுகா, இது உன்ட ஒப்பம்தானே?"

"ஓம் மாமா."

"அப்ப ஐபோன் ஆரிட குடியையும் மாத்தாது. மாத்தாட்டி, அது காட்டுறது புள்ள பிறந்த குடி. விதுர்ஷா பிறந்ததே மாலையர் குடியில எண்டா..." வண்ணக்கர் நிறுத்தினார். அவருக்கே தான் எங்கே போகிறோம் என்பது அப்போதுதான் தெரிந்தது. மெதுவாக முடித்தார். "அப்ப பெத்த தாய் ஆர்?"

ஆச்சிப்பிள்ளை முந்தானையை உதறிச் செருகிக்கொண்டு எழும்பினார்.

"என்னது? இவளப் பெறக்குள்ள ரெண்டு நாள் கத்தினது நானா, அந்தப் போனா?"

"கோவிக்காதேங்க. நான் சொல்லல்ல, கடிதாசி சொல்லுது."

"கடிதாசியா இடுப்பு நொந்து படுத்தது?"

மடம் முழுக்கச் சத்தம். வண்ணக்கர் மணியை எடுத்து அடிக்க வேண்டியதாயிற்று. சத்தம் அடங்கியபோது மேனுகா அக்கா எழும்பி நின்றிருந்தார்.

"அந்தப் பக்கம் கிடக்கிற நாப்பத்தாறும் பொய் மாமா."

"எந்த நாப்பத்தாறு?"

"ஐபோன் பக்கத்து நாப்பத்தாறு சரியும். நான் ஒண்டையும் பாக்கல்ல. என்னட்ட ஐபோன் இல்ல. எழுத்துக்கு நேரமாச்சு எண்டு இடது பக்கத்தப் பிடிச்சு வலது பக்கம் இழுத்து விட்டன்."

பின்னாலிருந்து யாரோ, "ஒரு கொழுக்கிய ஐம்பது தரம் பாத்த புள்ள!" என்றார். கிண்டலாகச் சொல்லவில்லை. உண்மையாகவே கவலைப்பட்டுச் சொன்னார். அதுதான் அக்காவுக்கு அதிகம் சுட்டிருக்கும்.

"தங்கச்சிட கலியாணத்துக்காக இப்ப சொல்றது பொய்யா இருக்கலாமே" என்றார் அஜந்தா மாமி.

எனக்குக் கோபம் வந்தது. ஆனால் மேனுகா அக்காவின் முகத்தில் அன்று முதல் தடவையாக ஒரு தெளிவு வந்தது. "நல்ல கேள்வி மாமி. என்னை நம்ப வேணாம். பரிசோதிப்பம். உங்கட போனத் தாங்க."

"தர மாட்டன். இதில என்ட பாங்கு கிடக்கு."

"அப்ப நீங்களே அமத்துங்க. நான் சொல்லச் சொல்ல அமத்தினாப் போதும்."

இப்படியாக, வீட்டில் ஏழு போன்களில் கணினி செய்யும் வேலையை, கோயில் மடத்தில் அஜந்தா மாமியின் ஆள்காட்டி விரல் செய்யத் தொடங்கியது.

"முதல்ல உங்கட பக்கம்."

"அஜந்தா. மாலையர் குடி. சரிதானே." அவருடைய கணவர் யாழ்ப்பாணத்தவர். அவருக்குக் குடிப் பதிவு இல்லாததால் செயலிக்கு மாற்ற வழி கிடைக்கவில்லை.

"இப்ப உங்கட தங்கச்சி."

மாப்பிள்ளையின் தாய் தவமலர் பக்கத்திலேயே இருந்தார். அஜந்தா மாமி அமத்தினார். போனைக் கிட்டக் கொண்டுவந்தார். தூரக் கொண்டுபோனார்.

"தவமலர்... வயிரன் குடி?"

"அது இவர்ட குடியெல்லோ!" என்று கத்தினார் தவமலர், கணவரைக் காட்டி. "அக்கா, உன்ட போனுக்கு விசரா? நானும் நீயும் ஒரு வயித்தில பிறக்கல்லையா?"

"விலை கூடின போன் மச்சாள்" என்று ஆச்சிப்பிள்ளை அமைதியாக நினைவூட்டினார்.

"இப்ப கலியாணம் முடிக்காத ஆள் ஒண்டு பாக்கணும்" என்றார் மேனுகா அக்கா. "என்னையே பாருங்க. நானும் விதுர்ஷாவும் ஒரே தாய், ஒரே தகப்பன்."

"மேனுகா. நீலப்போடி குடி."

"பாத்தீங்களா? ஊரில கலியாணம் முடிச்ச பொம்பிளையள் எல்லாரையும் மாத்திப் போட்டிருக்கும். நான் முடிக்காததால என்னைச் சரியாக் காட்டுது."

"அதுக்காவது உதவிச்சுதே" என்றார் ஆச்சிப்பிள்ளை.

முதல் சிரிப்பு அப்போதுதான் வந்தது. அதற்குப் பிறகு நிறுத்த முடியவில்லை. எங்களையும் பாருங்கள், எங்களையும் பாருங்கள் என்று ஒவ்வொரு சோடியாக முன்னுக்கு வந்தார்கள். அஜந்தா மாமி விரலை உதறி உதறி அமத்தினார். "ஒரே குடி!" என்று அறிவித்தார். அடுத்த சோடி. "ஒரே குடி!" அக்கா ஒரு கொப்பியில் கோடு போட்டுக்கொண்டே போனார். இரண்டு கிழமையாகப் பேசாமல் இருந்த ஒரு சோடி வந்தது. முடிவைக் கேட்டதும் மனைவி திரும்பி, "அப்ப நீ உன்ட அம்மா வீட்ட போ" என்றார். கணவர் உண்மையிலேயே பயந்துபோனார்.

வண்ணக்கர் எழும்பினார். "பூசைக்கு நேரமாகுது."

"இரிங்க" என்றார் அவருடைய மனைவி. மாலையர் குடியில் பிறந்தவர். "எங்கடயும் பாத்திட்டுப் போவம்."

அஜந்தா மாமி அமத்தினார். மரியாதைக்காகக் கொஞ்சம் மெதுவாகத்தான் சொன்னார். "ரெண்டு பேரும் வயிரன் குடி."

வண்ணக்கரின் மனைவி கணவரை மேலிருந்து கீழே பார்த்தார்.

"அதுதான் பாத்தன். நாப்பத்திரெண்டு வருசத்தில கேக்காம ஒரு சேலை எடுத்துத் தந்தது இல்ல. அண்ணன்மார் அப்பிடித்தான்."

மடம் குலுங்கியது. கடைசியாக வண்ணக்கரும் சிரித்தார். கண்ணைத் துடைத்துவிட்டு மணியை ஒரு தரம் அடித்தார். "விதுர்ஷா நீலப்போடி குடி. ஆச்சிப்பிள்ளை பெத்த புள்ள. புதன்கிழமை கலியாணம் நடக்கும்" என்றார். ரதீஸ் அண்ணன் செருப்புகளுக்குள்ளிருந்து வெளியே வந்தார்.

அதோடு முடிந்துவிடும் என்றுதான் எல்லாரும் நினைத்தோம். மேனுகா அக்கா மட்டும் உட்காரவில்லை.

"மாமா, அந்தக் கடிதாசியத் தாங்க. கிழிக்கப் போறன்."

வண்ணக்கர் அதைக் கொடுக்கவில்லை. "கிழிச்சா சுவர் வெறுமையாப் போகும். திருத்தி எழுதித் தா. இந்த முறை பாத்ததை மட்டும் எழுது."

அக்கா அன்றே எழுதினார். இடது பக்கம் நாற்பத்தாறு சரி. வலது பக்கம் நாற்பத்தைந்து வெறும் கூடு. முப்பத்தொன்றுக்கு எதிரே: "பிழை. ஐம்பத்தெட்டு சோடிகளில் சோதித்துப் பார்க்கப்பட்டது. சோதித்தவர்: திருமதி அஜந்தா." அஜந்தா மாமி அதை மூன்று தரம் படம் எடுத்துச் சுவிஸுக்கு அனுப்பினார். தன் பெயரைக் கொஞ்சம் பெரிய எழுத்தில் போடலாமே என்றும் கேட்டார். சயிக்கிளைத் தானே உருட்டிக்கொண்டு வந்து பெண் வீட்டு வளவில் விட்டதும் அவர்தான்.

கம்பனிக்கும் அக்கா அதையே எழுதினார். மனேஜர் அரை மணித்தியாலம் திட்டினாராம். அவர் திட்டியது இழுத்துவிட்டதற்கா, அதை ஊர் கூட்டிச் சொன்னதற்கா என்று அக்காவுக்கு இன்னும் தெளிவில்லை. வேலை போகவில்லை. ஆனால் அடுத்த மூன்று மாதம் அக்காவின் ஒவ்வொரு அறிக்கையையும் றிப்ஷான் இரண்டாவது தரம் பார்த்துத்தான் அனுப்ப வேண்டும் என்று உத்தரவு வந்தது. அக்காவை இன்னொருவர் சோதிப்பது அதுதான் முதல் தடவை. "மனிசன் ஒண்டும் விடுறானில்ல" என்று ஒருநாள் எரிச்சல்பட்டார். ஆச்சிப்பிள்ளை சிரித்தபடி உள்ளே போனார்.

கலியாணம் நன்றாக நடந்தது. திருத்திய செயலி அடுத்த நாள்தான் வந்தது. ஆகவே தாலி கட்டும் நேரத்தில் ஐபோன் கணக்கில் மணமக்கள் அண்ணனும் தங்கச்சியும்தான். அஜந்தா மாமி போனைப் புதுப்பிக்காமலே விமானம் ஏறிவிட்டார். புதுப்பித்தால் கலியாணப் படமெல்லாம் அழிந்துவிடுமாம். அக்கா எத்தனை தரம் சொல்லியும் கேட்கவில்லை.

புரட்டாசியில், திருத்தப் போயிருந்த கம்பனி ஐபோனைப் பஸ்ஸில் போட்டு அனுப்பினார்கள். அக்கா தாயிடம் எட்டாவது இடியப்பத் தட்டைக் கேட்டு ஒரு சண்டை பிடித்து வாங்கினார். ஐபோனுக்கு வேறு சாதிக் கணினி வேண்டுமாம்; கொழும்பில் உள்ள அந்தக் கணினியோடு அதைப் பொருத்த நான்கு நாள் மினக்கெட்டார். ஐந்தாம் நாள் நாற்பத்தாறு சோதனையும் ஓடின. மூன்று தரம் ஓட்டினார். மூன்று தரமும் நாற்பத்துநான்கு பச்சை. இரண்டு சிவப்பு, ஏதோ சின்ன விஷயம், பெயர் நீளமாக இருந்தால் கடைசி எழுத்து மறைந்துபோகிறது.

அன்று பின்னேரம் கோயில் கந்தோருக்குப் போனார். நானும் கூடப் போனேன். வண்ணக்கர் அறிக்கையைச் சுவரிலிருந்து இறக்கிக் கொடுத்தார். அக்கா நிலத்தில் இருந்து, ஒவ்வொரு வரியாக வாசித்து, பச்சை வந்த ஒவ்வொன்றின் கூட்டிலும் கையால் சரி போட்டார்; முப்பத்தொன்றுக்கு மட்டும் பழைய 'பிழை'க்குக் கீழே போட்டார். நாற்பத்துநான்கு. அரை மணித்தியாலம் எடுத்தது.

வண்ணக்கர் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "ரெண்டு வெறுமையாக் கிடக்கே புள்ள. பாக்க வடிவில்ல. சின்னப் பிழைதானே. சும்மா ஒரு சரி போட்டு விடன்."

அக்கா பேனையை மூடிப் பைக்குள் வைத்தார்.